அட்டைக் காலத்து மாத்திரை

திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் நான் நர்ஸ். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. என்று எல்லாம் சுற்றி முடித்து, முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கிய பிறகு, உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டும் என்று கெஞ்சி வெளிநோயாளிகள் பக்கம் வந்தேன். உட்காரலாம் என்று நான் நம்பியதை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. செவ்வாயும் வியாழனும் காலை எட்டு மணிக்கே என் அறை வாசலில் கூட்டம் நெருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் நெஞ்சின் நடுவில் ஒரு நீளத் தழும்பும் கையில் ஒரு மஞ்சள் புத்தகமும் இருக்கும்.

அந்தப் புத்தகத்தில் நான் எழுதுவது ஓர் எண். கெட்டுப்போன இதய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. உலோகத்தைக் கண்டால் ரத்தம் அதன் மேல் போய் உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு சரியாகத் திறந்து மூடாது. உறைந்த கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அது குறைந்தால் கட்டி, கூடினால் எங்காவது ரத்தக்கசிவு. எவ்வளவு தாமதமாகிறது என்பதை ரத்தத்தைச் சோதித்து ஐ.என்.ஆர். என்று ஓர் எண்ணாகச் சொல்வார்கள். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு அது ஒன்று. நான் சொல்லப்போகிற பெண்ணுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அது நிற்கவே நிற்காது.

அவள் போனக்காட்டிலிருந்து வருகிறவள். மலை மேல் இருக்கும் தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருப்பு. வயது முப்பத்தெட்டு. சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, கஷாயத்தோடு போனது என்று நினைத்தார்கள். போகவில்லை. இருபது வருஷம் மெதுவாக இதய வால்வைச் சுருக்கி, கடைசியில் மேட்டில் நாலு அடி வைத்தால் மூச்சு முட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டது. ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. கணவர் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலையில் இருந்தார். சனிக்கிழமை மலை ஏறி, திங்கள் விடியலில் இறங்கிவிடுவார்.

தமிழ் பேசும் நோயாளி என்றால் டாக்டர் நேராக என் பக்கம் தள்ளிவிடுவார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வேலையில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கோபம் எனக்கு அடிக்கடி வரும். "சிஸ்டர் இன்னிக்கு நல்ல மூடா?" என்று வாசலில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது.

முதல் நாள் அவளுக்கு நான் நிதானமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. பெரிய வார்த்தை ஒன்றுமில்லாமல், யாருக்கும் புரிகிற மாதிரி சொல்வேன் என்று டிபார்ட்மெண்டில் பேர் வாங்கியவள் நான்.

"இங்க பாரு. இந்த மாத்திர ஒனக்கு ரத்தத்த இளக்கி வைக்கும். கட்டியாக விடாது. தெனமும் சாயங்காலம் ஒரே நேரத்துல சாப்பிடணும், கேட்டியா?"

"சரி சிஸ்டர்."

"ஒன் நெஞ்சுல டிக் டிக்குன்னு ஒரு சத்தம் கேக்குல்லா, அது வால்வு மூடுற சத்தம். அது கேட்டுட்டே இருக்கணும். என்னைக்காவது மங்கிப் போச்சுன்னு தோணிச்சுன்னா நாளு பாக்காத, புக்கு தேடாத, அப்பவே பொறப்பட்டு வந்துரு."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளைப் பார்க்க வந்த தோட்டத்துப் பெண்கள் அதற்குள் அவளுக்குக் கடியாரக்காரி என்று பேர் வைத்துவிட்டார்களாம். டீ குடிக்க உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் இருப்பவளுக்குச் சத்தம் கேட்கும். மணி என்ன என்று அவளிடம் கேட்டுக் கேலி செய்வார்களாம்.

வேனல் முழுக்க அவள் எண் ஒழுங்காக இருந்தது. மழை பிடித்து, அவள் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒன்று புள்ளி ஆறுக்கு இறங்கியது. அடுத்த தடவை ஒன்று புள்ளி ஐந்து. நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மழை தொடங்கியதும் இறக்கம். கர்க்கடக மாதம், நம் ஆடி. எனக்குப் பொறி தட்டியது. கர்க்கடகத்தில் இங்கே பத்து வகை இலை பறித்துத் தோரன் என்று தேங்காய்ப் பொரியல் வைத்துச் சாப்பிடுவார்கள். மழைக்கு முளைக்கும் தகரைக் கீரையை ஆடுமாடு மாதிரி மேய்வார்கள் என்று என் அம்மா கிண்டல் செய்வாள். கீரையில் இருக்கும் ஒரு சத்து இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. திடீரென்று நிறையக் கீரை தின்றால் எண் இறங்கும்.

"தகர தின்னியா?" என்றேன்.

"தின்னேன் சிஸ்டர். மழ பெய்தா அதானே கெடைக்கும்."

"பத்தெல?"

"அதும்தான்."

அகப்பட்டாயா என்கிற மாதிரி நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் மலையாளத்தில் "சிஸ்டர் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவர்" என்றார். அன்றைக்கு அவளை நன்றாகக் கடிந்துகொண்டேன். இனிக் கீரையே தொடக்கூடாது என்றேன். அதிலேயே ஒரு தப்பு உண்டு. பாடம் படித்த எந்த நர்ஸுக்கும் தெரியும், கீரையை நிறுத்தச் சொல்லக்கூடாது, தினமும் ஒரே அளவு சாப்பிடத்தான் சொல்ல வேண்டும். எனக்கும் தெரியும். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. மாத்திரை அளவையும் டாக்டர் கூட்டி எழுதினார்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றும் கேட்டேன். ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன் என்றாள். பல்லில், மூத்திரத்தில், மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டேன். எங்கேயும் போகவில்லை என்றாள். அச்சடித்த கேள்விகள் முடிந்துவிட்டன. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மழை நின்றது. பிப்ரவரியில் அவள் எண் ஆறுக்கு எகிறியது. ஈறில் ரத்தம், தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கன்றல்.

"நீ மாத்திரய கடல கொறிக்க மாதிரி கொறிக்கியா? எழுதிக் குடுத்தத மட்டும் தின்னா மதி, அது போதும்!"

"எழுதினதத்தான் சிஸ்டர் தின்னேன். கீரகூட தொடல." அவள் கண் நிறைந்துவிட்டது. "எங்க ரத்தமே ஒருவேள இப்படித்தானோ என்னமோ."

டாக்டர் அளவைக் குறைத்து எழுதினார். கூட்டுவதும் குறைப்பதுமாக அவள் மஞ்சள் புத்தகம் முழுக்க அடித்தல் திருத்தல். அந்த மாதிரி நோயாளிகளை எங்கள் பேச்சில் "சொன்னபடி கேட்காதவர்கள்" என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நானும் ஒதுக்கினேன். அவள் உள்ளே வந்தாலே எனக்கு முகம் கடுகடுத்துவிடும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் எப்போது வந்தாலும் குளித்து, தலை வாரி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, வார் வைத்த செருப்பும் உள்ளே காலுறையும் போட்டுக்கொண்டுதான் வருவாள். மலையிலிருந்து நகரத்துக்கு வருகிறோம் என்கிற மரியாதை அது. நானும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் முகத்தையும் விரலையும் பார்ப்பேன். இதயப் பிரிவில் நாங்கள் கால் வீக்கம் பார்ப்பதுண்டு. வால்வு வைத்து நன்றாக நடமாடுகிறவர்களிடம் யாரும் காலைக் காட்டு என்று கேட்பதில்லை.

இரண்டாவது மழைக்காலம். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. கூட்டம் எல்லாம் கரைந்து, நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த நேரம். வாசலில் யாரோ நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தலையில் சுற்றிய துண்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட், அதிலிருந்து சொட்டும் தண்ணீர். யாரென்று எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"சத்தம் கொறஞ்சு போச்சு சிஸ்டர்" என்றாள்.

காலையில் டீக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள்தான் கண்டுபிடித்தாளாம். "ஏய், இன்னைக்கு ஒன் கடியாரம் கேக்கலியே, சாவி குடுக்க மறந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். இவள் சிரிக்கவில்லை. கூடையை அப்படியே வைத்துவிட்டு, வந்த ஜீப்பில் ஏறி, விதுராவில் பஸ் பிடித்து வந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் உடை மாற்றக்கூட நிற்கவில்லை. "நாளு பாக்காத, புக்கு தேடாதன்னு நீங்க சொன்னீங்கல்ல" என்றாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது.

அவளைப் படுக்கையில் சாய்த்து, நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தேன். கூர்மையாகக் கேட்க வேண்டிய சத்தம் துணிக்குள் பொத்தி வைத்த மாதிரி கேட்டது. ஆக்சிஜன் வைத்தேன். டாக்டருக்குப் போன் செய்தேன். ஈரத்தில் விறைத்திருந்த அவள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறையை உருட்டி இறக்கியபோது அதன் மடிப்பிலிருந்து என் விரல் தடிமனில் ஓர் அட்டை, வயிறு நிறைந்து, கீழே விழுந்தது.

நான் கத்திவிட்டேன். அவள் "ஒண்ணும் செய்யாது சிஸ்டர், குடிச்சு முடிச்சிட்டு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கணுக்காலிலிருந்து முட்டி வரை கடி. ஆறினது, ஆறாதது, காலையில் கடித்தது. எண்ணவில்லை, எண்ண முடியாது. என்னைப் பயமுறுத்தியது கடிகள் அல்ல. காலையில் கடித்த இடங்களில் ரத்தம் தானாக நின்று காய்ந்து போயிருந்தது. உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஒருத்திக்கு அட்டைக் கடி அவ்வளவு சீக்கிரம் காயக்கூடாது.

"மாத்திர கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"ஞாயித்துக்கிழம."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம."

ரத்தம் எடுத்து அனுப்பினோம். எண் ஒன்று புள்ளி இரண்டு. எக்கோவில் பார்த்தார்கள். பிறகு எக்ஸ்ரே திரையில் வைத்துப் பார்த்தார்கள். வால்வில் கதவு மாதிரி இரண்டு இதழ்கள் உண்டு. ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையவில்லை. அதன் மேல் கட்டி உட்கார்ந்துவிட்டது. திரும்ப நெஞ்சைப் பிளப்பதா, கட்டியைக் கரைக்கும் மருந்தை டிரிப்பில் மெதுவாக ஏற்றுவதா என்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டி கரையலாம். கரையும்போது ஒரு துணுக்கு மூளைக்கும் போகலாம். விழிஞ்ஞத்திலிருந்து சிமெண்ட் ஒட்டிய சட்டையோடு வந்த அவள் கணவரிடம் இதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "அவ தெம்பாத்தானே சிஸ்டர் இருந்தா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் டியூட்டி முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஐ.சி.யூ.வுக்குப் போனேன். அங்கே பொறுப்பிலிருந்த சிஸ்டர் என்னோடு படித்தவள். "வந்தது நல்லதாப் போச்சு, இந்தக் கால ஒண்ணு பிடி" என்று என்னை வேலைக்கு விட்டுவிட்டாள். நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றுதான் நடந்துகொண்டிருந்தது. கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு வால்வு எது, கால் எது என்று தெரியாது. காய்ந்திருந்த அட்டைக் கடிகள் எல்லாம் திரும்பத் திறந்து கசியத் தொடங்கியிருந்தன. பஞ்சை மடித்து வைத்து ஒவ்வொரு காலாக நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தபடிதான் கேட்டேன்.

"ஏன் மக்கா நிறுத்தின?"

அவளுக்கு என் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க, மாத்திர ரத்தத்த இளக்கி வைக்கும்னு. அட்டையும் அதத்தானே செய்யுது? அது கடிச்ச எடத்துல ரத்தம் கட்டாம போய்க்கிட்டே இருக்கு. முத மழைக்கு கொழுந்து எடுக்கப் போன அன்னைக்கு, முந்தின நாளு சாயங்காலம் மாத்திர தின்னுட்டுத்தான் போனேன். பூட்ஸுக்குள்ள ரத்தம் நெறஞ்சுபோச்சு. மறுநாளு வரைக்கும் நிக்கல. அப்பதான் புரிஞ்சுது, ரெண்டும் சேந்தா தாங்காதுன்னு. அதான் அட்ட உள்ள நாள்ல அட்ட, அட்ட இல்லாத நாள்ல மாத்திர. லயத்துல எல்லாரும் அதான் சரின்னாங்க."

நான் நனைந்த பஞ்சை எடுத்துவிட்டு வேறு பஞ்சை வைத்து அழுத்தினேன்.

அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு. முதல் வருஷப் பாடப் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். அதையே பிரித்தெடுத்து மருந்தாகச் செய்ததையும் படித்திருக்கிறேன். எந்தப் புத்தகமும் இல்லாமல், பூட்ஸில் நிறைந்த ரத்தத்தைப் பார்த்து அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். பாதி வழி சரியாக வந்திருந்தாள். அட்டையின் எச்சில் கடித்த இடத்தோடு சரி, உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தை அது ஒன்றும் செய்யாது, வால்வில் அது போய் நிற்காது என்கிற மீதிப் பாதியை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். நான் அவளைக் கீரைக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். மழையில் மாத்திரையை விட்டாள், நாங்கள் அளவைக் கூட்டினோம். வேனலில் கூட்டிய மாத்திரை முழுவதையும் கீரையில்லாமல் தின்றாள், எண் ஆறுக்குப் போனது. ஒன்றரை வருஷத்து அடித்தல் திருத்தல் முழுவதும் ஒரு நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. பல்லுல போகுதா, மூத்திரத்துல போகுதான்னு கேட்டீங்க. அங்க போகல. அட்ட கடிக்கிறத எல்லாம் யாராவது ஆஸ்பத்திரியில சொல்லுவாங்களா? மழையில நனஞ்சேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கும்."

"மாத்திர ஒழுங்கா சாப்பிடுகியான்னு கேட்டேம்லா?"

"ஒழுங்காத்தான் சாப்பிட்டேன். அட்ட இல்லாத ஒரு நாளு விடல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் காலை விடாமல் பிடித்துக்கொண்டு, "தப்பு ஒன்மேல இல்ல, என்மேலயாக்கும்" என்றேன். வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அல்ல அது. என் கணவரைக் கேட்டால் சொல்வார். அவள் பதறிப்போய், "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. மத்தவங்க திட்டினா எனக்குப் பாதிதான் புரியும். நீங்க திட்டினாத்தான் முழுசா புரியும்" என்றாள். அந்த ஆக்சிஜன் முகமூடிக்குள்ளும் அவளுக்குக் குறும்பு. ஐ.சி.யூ. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் நான் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. "கேக்குந்நுண்டு" என்றாள் என் தோழி. கேட்கிறது. அவ்வளவுதான் சொன்னாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் திரையில் பார்த்தபோது இரண்டாவது இதழ் முக்கால்வாசி திறந்தது. இன்னொரு நாள் மருந்துக்குப் பிறகு முழுவதும் திறந்தது. கை, கால், பேச்சு எதற்கும் ஒரு சேதமில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாள் டாக்டர் தாளில் எழுதும்போது, "தோட்ட வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வேற என்ன வேல சிஸ்டர் அங்க இருக்கு? வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் அட்ட வராதா?" என்றாள். அதை நான் டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. எழுதிக் கொடுப்பதால் மலையில் அட்டை குறையப்போவதில்லை. அதனால் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன்.

ஆனவண்டி என்று இங்கே எல்லோரும் செல்லமாகச் சொல்லும் சர்க்கார் பஸ்ஸில் நெடுமங்காடு, விதுரா தாண்டி, வளைந்து வளைந்து ஏறிப்போய் இறங்கினேன். இறங்கிய இடத்திலிருந்து அவள் லயத்துக்குக் கொஞ்ச தூரம்தான். போய்ச் சேருவதற்குள் என் கணுக்காலில் மூன்று. நான் போட்ட கூச்சலுக்கு லயத்துப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தி உப்பு வைத்துக் கட்டிய சின்னத் துணி மூட்டையால் தொட்டதும் மூன்றும் சுருண்டு விழுந்தன. ரத்தம் நிற்கவில்லை. ஒரு மாத்திரையும் சாப்பிடாத எனக்கே, அவர்கள் டீயும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தந்து முடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தும் கசிந்துகொண்டிருந்தது. என் வெள்ளைக் காலுறை போன கதியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பூட்ஸ் நிறையும் ரத்தத்தைக் கண்டு மாத்திரையை நிறுத்தியவள் அறிவு கெட்டவள் அல்ல. நான் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், ஒருவேளை இன்னும் சீக்கிரமே செய்திருப்பேன்.

அன்றைக்கு வகுப்பு எடுத்தது அவர்களும் நானும் மாறி மாறித்தான். புகையிலைத் தண்ணீரில் சோப்பைக் குழைத்துக் காலில் பூசினால் அட்டை ஏறத் தயங்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அது பட்டால் அவளுக்குத் தோல் பொரிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அப்படியானால் நெருக்கமாக நெய்த துணியில் முட்டி வரைக்கும் உறை தைத்து, பூட்ஸுக்குள் போட்டுக் கட்டலாம் என்று முடிவானது. விதுராவில் தையல்காரர் இருந்தார். கடித்துவிட்டால் என்ன செய்வது என்பது என் முறை. சுத்தமான துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது. நிற்காவிட்டால் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மாத்திரையை மட்டும் தொடக்கூடாது. காலில் போகிற ரத்தத்தை விரலால் நிறுத்திவிடலாம், நெஞ்சில் கட்டுகிறதை விரலால் எடுக்க முடியாது என்றேன். அது அவர்களுக்குப் புரிந்தது. கடியாரச் சத்தத்தைக் கண்டுபிடித்த அந்தத் தோழி, "சாயங்காலம் மாத்திர தின்னியான்னு நான் கேக்கேன் சிஸ்டர், தின்னாம விட மாட்டேன்" என்றாள். கீரையைப் பற்றி நான் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். தகரையோ முருங்கையோ, தினமும் ஒரு கைப்பிடி, கூட்டாமல் குறைக்காமல் தின்னு என்றேன். "அம்மாடி, இனி சோறு எறங்கும்" என்றாள் அவள்.

கிளினிக்கில் அச்சடித்த கேள்வித் தாளின் கீழே இப்போது என் கையெழுத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என்ன வேலை செய்கிறீர்கள்? அந்த வேலையில் எங்கே ரத்தம் வரும்? மீன் வெட்டுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எல்லோரும் இப்போது தங்கள் விரலைக் காட்டிக் கதை சொல்கிறார்கள். வரிசை முன்பைவிட மெதுவாக நகர்கிறது. முணுமுணுப்பவர்களை நான் ஒரு பார்வை பார்க்கிறேன்.

அந்த மழை முடியும் வரை அவள் கொழுந்து எடுக்கப் போகவில்லை. குளிர்காலமும் வேனலும் அவள் எண் ஒழுங்காக வந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. மழை வராமல் எதையும் நம்ப முடியாது. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கியது. அவள் வர வேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு முந்தின வாரம் முழுக்க, பேப்பரில் மலைப்பக்கத்து மழையைப் பற்றி வந்ததை எல்லாம் படித்தேன். பயந்துகொண்டுதான் இருந்தேன். உள்ளதைச் சொல்வதென்றால், ரத்தம் தெரிந்தால் பயப்படுவது எல்லா மனுஷருக்கும் இயல்பு. ஒரு நாள் பயந்தால் போதும், பழையபடி ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை அவள் வருவதற்கு முன்னால் துப்புரவு செய்கிற அம்மாவின் குரல்தான் வந்தது. இப்போதுதான் துடைத்தேன், வராந்தா முழுக்க யார் இது என்று மலையாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து என் அறை வாசல் வரைக்கும் தரையில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக வந்திருந்தது. அதன் முடிவில் அவள் நல்ல சேலையும் வார்ச் செருப்புமாக, குற்றவாளி மாதிரி நின்றிருந்தாள்.

"பஸ்ஸுக்கு எறங்கி வர்ற வழியில ஏறிடிச்சு சிஸ்டர். அங்கேயே துணி வச்சுக் கட்டினேன், பஸ்ஸுல இருந்து எறங்குறப்ப அவுந்து போச்சு. நிக்கவே மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா நேத்தும் தின்னேன். அதுக்கு முந்தின நாளும். ஒரு நாளு விடல."

அவளை உட்காரவைத்து, அந்தக் காலை என் மடியில் எடுத்து வைத்து அழுத்திப் பிடித்தேன். பஞ்சைத் தாண்டி ரத்தம் என் விரலுக்கு வந்தது, உறையாமல், சூடாக, தாராளமாக. வெளியே வரிசையிலிருந்து யாரோ, "சிஸ்டரே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நான் நிமிராமல் பஞ்சை இன்னும் அழுத்தினேன். "சிஸ்டர் ஏன் அழுவுறீங்க, எனக்கு வலிக்கல" என்றாள் அவள்.